அரைச்சாண் அக்காவும் துணிக் கத்தரியும்

நாடகத்தின் நடுவில் அரைச்சாண் அக்கா தன் நாத்தனாரைக் கத்தரியால் குத்தப் போனாள் என்பதுதான் ஊர்ப்பேச்சு. முன்வரிசையில் இருந்த பேக்கரிக்காரர் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாராம். திரைக்குள்ளிருந்து ஒரு கை வந்ததாம். கையில் முழ நீளக் கத்தரியாம். அது மகாராணி வேடத்தில் நின்ற நாத்தனாரின் இடுப்புக்கு நேராகப் போனதாம். பேக்கரியில் கத்தரியாக இருந்தது மருந்துக்கடைக்குப் போனபோது அரிவாள் ஆகிவிட்டது. பேருந்து நிறுத்தத்தைத் தாண்டுவதற்குள் மகாராணிக்கு மூன்று தையலும் போட்டாகிவிட்டது.

தையல் போட்டது என்னவோ உண்மை. போட்ட இடம்தான் வேறு. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேளுங்கள்.

அரைச்சாண் என்றதும் ஆள் குள்ளம் என்று நினைத்துவிட வேண்டாம். கடை வாசலில் குனிந்துதான் நுழைவாள். பெயர் தொழிலால் வந்தது. ஒயர்லெஸ் மைக் செட்டுகளை வாடகைக்கு விடுவதும் பழுது பார்ப்பதும் அவள் வேலை. நடிகர்கள் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சோப்பு டப்பா அளவுப் பெட்டியிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று தொங்குமே, அதுதான் ஆன்டெனா. நாடகக்காரர்கள் அதை வால் என்பார்கள். குரலைக் காற்றில் ஏற்றி அனுப்புவது அந்த வால்தான். ஒவ்வொரு செட்டும் ஓர் அலையில் பேசும். அந்த அலையின் நீளத்தில் கால் பங்கு வால் இருக்க வேண்டும். அவளிடம் இருந்த செட்டுகளுக்கு அது ஏறக்குறைய அரைச்சாண். கூடினாலும் கோளாறு, குறைந்தாலும் கோளாறு.

"நீளமா இருந்தா இன்னும் நல்லா இழுக்கும்ல?" என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது.

"உங்க மூக்கு முழ நீளம் இருந்தா வாசனை கூட வருமா?" என்பாள்.

முதலில் ஒரு நெல் அளவு கூடுதலாக வெட்டுவாள். மீட்டரில் வைத்துப் பார்ப்பாள். பிறகு குழந்தைக்கு நகம் வெட்டுகிற மாதிரி துளித்துளியாகக் குறைப்பாள். வெட்டியது ஒட்டாது என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் புருஷன் தையல்காரர். அதிகம் வாய் பேசாத மனுஷன், கை பேசும். இருவருக்கும் ஒரே கடை, ஒரே நீள மேசை. ஒரு பாதியில் தையல் மிஷின், மறுபாதியில் ஈயத்தால் ஒயரைப் பத்தவைக்கிற சூட்டுக்கோல். நடுவில் எல்லைக்கோடு மாதிரி ஒரு இஞ்ச் டேப். துணியில் ஈயப் பொட்டு விழுந்தால் அவர் பெருமூச்சு விடுவார். ஒயர்ச் சுருளில் நூல் சிக்கினால் இவள் முணுமுணுப்பாள். மற்றபடி சமாதானம்தான்.

சமாதானத்துக்குக் கண் பட்டது நாத்தனாரால். கடைக் கட்டடம் அவளுடையது, தெருவின் நாடகக் குழுவும் அவளுடையது. தம்பி தொழிலில் நிமிராததற்குக் காரணம் அந்த அரை மேசைதான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

"அங்க ரெண்டாவது மிஷின் போட்டா என் தம்பி எங்கயோ போயிடுவான். இந்த ஒயர்க் குப்பையில என்ன இருக்கு?" என்றாள் ஒருநாள். "இந்தத் தடவை என் நாடகத்துல மைக் ஒரு வார்த்தை விழுங்கிச்சுன்னாலும் மேசையக் காலி பண்ணிடணும், ஆமா."

"சரி அண்ணி. விழுங்கலைன்னா?"

"விழுங்கலைன்னா அதைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்."

"அது நடக்கிற காரியமா அண்ணி?" என்றாள் அரைச்சாண். தையல்காரர் சிரிப்பை அடக்க, வாயில் இருந்த குண்டூசிகளை அவசரமாக வெளியே எடுத்தார்.

ஒத்திகை முடிவதற்குள் நடிகர்கள் எல்லா வாலையும் நாசம் பண்ணிவிட்டார்கள். ராஜா வசனம் மறக்கும்போதெல்லாம் வாலை விரலில் சுற்றுவார். மந்திரி அதன் மேலேயே உட்காருவார். எல்லாவற்றுக்கும் புது வால் போட வேண்டியதாயிற்று. நாடகத்தன்று காலை ஒன்றை மட்டும் வெட்டி, மீட்டரில் பார்த்து, சேவகன் பெட்டியில் பத்தவைத்தாள். அதற்குள் மண்டபத்திலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கர் உறுமுகிறதாம். "வந்து மிச்சத்தப் பாத்துக்கறேன்" என்று ஓடினாள். ஸ்பீக்கர் அவளைச் சாயங்காலம் வரை விடவில்லை.

பதறிப்போய்ப் போன் பண்ணினால், "எல்லாம் முடிச்சாச்சும்மா" என்றார் தையல்காரர். "நீ வெட்டின மாதிரிய வெச்சே வெட்டிப் பத்தவெச்சேன். பெல்ட்ல ஆளுக்கொரு பை தைச்சு உள்ளயும் வெச்சாச்சு."

அவளுக்குக் கண் கலங்கியே விட்டது. அவர் கை சுத்தம் அவளுக்குத் தெரியும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அளவு தப்பி அவள் பார்த்ததில்லை.

மண்டபத்தின் பின்கோடியில் மிக்ஸரும், அலையைப் பிடிக்கும் ரிசீவரும் இருந்தன. வேஷம் கட்டி வந்தவர்களை அங்கேயே நிறுத்தி ஒவ்வொருவராகப் பேச வைத்தாள். எல்லாம் கணீரென்று கேட்டது. கைக்கெட்டும் தூரத்தில் எது கேட்காது?

திரை தூக்கினார்கள். அந்தக் கோடியில், மேடையில், ராஜா முழங்கினார். "என் நா... டில்... எவனும்... இருக்க..." மந்திரி அதற்கும் மோசம், வெறும் வாயசைப்பு. மகாராணி நாத்தனாரின் குரல் கரகரவென்று வந்து வந்து போனது. தட்டேந்தி நின்ற சேவகன் மட்டும், "உத்தரவு மன்னா!" என்றதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மண்டபம் சிரித்தது. மகாராணி சிரிக்கவில்லை. மேடையிலிருந்து அவள் பார்த்த பார்வை, ஜனங்களின் தலைக்கு மேலாக வந்து மிக்ஸரில் விழுந்தது. அரைச்சாணுக்கு அந்த அரை மேசை கண்ணெதிரே காலியாகத் தெரிந்தது.

மிக்ஸரை அப்படியே விட்டுவிட்டு மேடைக்குப் பின்னால் ஓடினாள். சேவகன் ஓரமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் உள்ளே வந்த ராஜாவைப் பிடித்துத் திருப்பி, இடுப்புப் பையிலிருந்து வாலை உருவினாள். பார்த்தால், அவள் வெட்டியதைவிட இரண்டு விரல் அதிக நீளம். அந்த அதிகத்தை அழகாக உள்பக்கம் மடித்து, கறுப்பு நூலால் மூன்று தையல் போட்டு முடிச்சும் வைத்திருந்தது.

"என்னங்க இது?"

"தையலுக்கு விட்டது" என்றார், உடைகளைச் சரிபார்க்க அங்கே வந்து நின்ற தையல்காரர். "ஓரம் பிசிறக் கூடாதுல்ல?"

"ஒயர் எப்படிங்க பிசிறும்?"

"சரி, தோய்ச்சா சுருங்கினா?"

அரைச்சாண் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சிரிப்பு அடங்கியதும் இடுப்பைத் தடவினாள். ஒயர் வெட்டும் பிளேயர் பின்கோடியில் மிக்ஸர் மேல் கிடந்தது. எதிரே, தையல்காரர் கழுத்தில் நாடாவில் தொங்கியது அவருடைய துணிக் கத்தரி. காகிதம் வெட்டக்கூட அவர் அதை யாருக்கும் தந்ததில்லை.

"ஐயோ, கத்தரியா! வேணாம்மா, வேணாம்!"

"இன்னிக்கு இதவிட்டா வேற வழியில்ல. குடுங்க. யாரும் அசையக் கூடாது. ஒட்ட நறுக்கிடுறேன்!"

சொல்லி வாய் மூடவில்லை, வெளியே மண்டபமே கப்சிப். சேவகனின் மைக், ஊரிலேயே ஒழுங்காக வேலை செய்த அந்த ஒரே மைக், இவர்கள் பேசிய அத்தனையையும் ஸ்பீக்கரில் கொட்டிக்கொண்டிருந்தது. அமுக்க மிக்ஸரில் ஆள் இல்லையே.

தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு நாடாவைக் கழற்றித் தந்தார். சேவகனின் வாலை மாதிரிக்கு வைத்து, தையலைப் பிரித்து, நீட்டி, கத்தரி வைத்தாள். ஒவ்வொரு கிளிக்குக்கும் அவருக்கு முதுகு சிலிர்த்தது. ராஜா திரும்பப் போனார். அவர் குரல் மண்டபத்தை நிரப்பியது. மந்திரிக்கு உயிர் வந்தது. உள்ளே வருகிறவன் வாலைக் கொடுப்பதும் வெளியே போய் முழங்குவதுமாக மேடை தேறிவந்தது.

மிச்சம் மகாராணி. அவளுக்கு அந்தக் காட்சி முழுக்க மேடையை விட்டு இறங்க வழியில்லை. அடுத்து வருவது அவளுடைய நீண்ட புலம்பல். அது விழுங்கினால் மேசை போச்சு.

"அண்ணி, பின்னால வாங்க. இன்னும் கொஞ்சம். அசையாதீங்க" என்று திரைக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தாள்.

மகாராணி புலம்பியபடியே பின்னால் நகர்ந்து திரையில் முதுகை ஒட்டினாள். திரை விலகியது, கத்தரி நீண்டது, கிளிக். "ஐயோ, நான் தனியானேனே!" என்ற வார்த்தை முழுசாக, முக்கலும் மூக்குறிஞ்சலுமாக, கடைசி வரிசை வரை போய் விழுந்தது. பேக்கரிக்காரர் பார்த்தது இந்தக் கத்தரியைத்தான்.

நாடகம் முடிந்ததும் நாத்தனார் கிரீடத்தோடேயே வந்தாள்.

"முதல் காட்சி முழுக்க விழுங்கிச்சு."

"விழுங்கிச்சு அண்ணி" என்றாள் அரைச்சாண். புருஷனைப் பார்க்கவில்லை, காட்டியும் கொடுக்கவில்லை.

"நான்தாங்க்கா மடிச்சுத் தைச்சேன்" என்றார் தையல்காரர்.

நாத்தனார் தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு மிஷின் இருக்கும்போதே ஒயருக்கு ஓரம் அடிக்கிறவன், ரெண்டு மிஷின் குடுத்தா மின்கம்பத்துக்குச் சட்டை தைப்பான். மேசை இருக்கிறபடியே இருக்கட்டும். ஆனா வாயத் திறக்க மாட்டேன்னு சொன்னேனே, அதெல்லாம் முடியாது."

அவ்வளவுதான் நடந்தது. ஆனாலும் ஊர் வாயை எந்த நூலால் தைப்பது? போன வாரம் பேக்கரிக்காரர் மனைவி தைக்கத் துணி கொடுக்கிற சாக்கில் கடைக்கு வந்து, நைசாகக் கேட்டாள். "ஏன்க்கா, கோவத்துல கத்தரியோட பாஞ்சீங்களாமே?"

அரைச்சாண் கையில் இருந்த வாலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாயவும் இல்ல, குத்தவும் இல்ல. கோவம் வந்தா நான் கத்தரியக் கீழ வெச்சிடுவேன். கோவத்துல வெட்டினா அளவு தப்பும். அப்புறம், அந்தக் கத்தரி மழுங்கினதுக்கு இவர் மூணு நாள் எங்கூடப் பேசல, நான்தான் சாணை பிடிச்சுக் குடுத்தேன். உங்க வீட்டுக்காரர்கிட்ட அதையும் சேத்துச் சொல்லச் சொல்லுங்க."