செல்வியாக இருந்த மதியம்

மண்ணெண்ணெய் வாடை அடிக்காத ரேஷன் கார்டை என் சிறுவயதில் நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டுக் கார்டு மூன்று பால் கவர்களுக்குள் சுற்றப்பட்டு, தகரப் பெட்டியில் உம்மாவின் கல்யாணச் சேலைக்கு அடியில் பத்திரமாகக் கிடந்தாலும், பிரித்தவுடன் முதலில் முகத்தில் வந்து மோதுவது அந்த வாடைதான். இன்றும் எங்காவது அது மூக்கில் பட்டால் என் கை தானாகக் கைப்பைக்குள் காகிதங்களைத் தேடும். நவி மும்பையில் நெருளில் சொந்த வீடு, அலுவலகத்தில் எனக்குக் கீழே எட்டுப் பேர் என்று இருக்கிற நான், எந்தக் காகிதத்தையும் மூன்று ஜெராக்ஸ் எடுத்து மூன்று இடத்தில் ஒளித்து வைப்பதை என் மகள் கேலி செய்வாள். அவளுக்குச் சிரிப்பாக இருக்கிறது, எனக்கு அப்படி இல்லை.

நாங்கள் இருந்தது தாராவியில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒரு சந்தில். வாப்பா தோல்பை செய்யும் ஒரு காரகானாவில், சிறு பட்டறையில், கட்டிங் வேலை பார்த்தார். உம்மா வீட்டிலிருந்தபடியே அந்தப் பைகளுக்கு ஜிப் பொருத்துவாள். அண்ணன் ஜமாலும் நானும் முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படித்தோம். அரசாங்கம் எங்களுக்குக் கொடுத்ததெல்லாம், கொடுக்காமல் இழுத்தடித்ததெல்லாம் அந்தக் கார்டின் வழியாகத்தான் நடந்தது. பள்ளியில் சேர்க்கக் கார்டு, சயானின் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கக் கார்டு, பத்து வீட்டுக்குப் பொதுவான குழாய்க்கு மனுப் போடக் கார்டு, பக்கத்துத் தெருவில் யாரையாவது போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் கூட்டிவரவும் கார்டு. "கார்டுல பேரு இல்லன்னா நீ பம்பாய்லயே இல்லளா" என்று வாப்பா விளையாட்டாகச் சொல்வார். எனக்கு அப்போது பத்து வயது, நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லா வீட்டுக் கார்டிலும் அங்கே இல்லாத ஒருவர் பெயராவது இருக்கும். வளைகுடாவுக்குப் போன தம்பி, கட்டிக்கொடுத்த மகள், ஊரில் விட்டு வைத்திருக்கும் பிள்ளை. சர்க்கரையும் எண்ணெயும் தலைக்கு இவ்வளவு என்றுதான் அளப்பார்கள் என்பதால் யாரும் எந்தப் பெயரையும் எடுக்க மாட்டார்கள். அதைவிடவும் பெரிய காரணம், எடுத்த பெயரை மறுபடி ஏற்றுவது ஆகாத காரியம், ஊருக்குப் போனவர்கள் என்றைக்காவது திரும்பி வந்தால் என்ன செய்வது என்ற பயம். இதனால் ரேஷன் ஆபீசிலிருந்து சோதனைக்கு ஆள் வரும்போதெல்லாம் எங்கள் சந்தில் ஒரு வழக்கம் நடந்தது. அதற்குப் பெயர் "தலை கொடுப்பது". சந்து முனையில் "தலை பாக்க வாராவ" என்று குரல் எழுந்தவுடன், பிள்ளைகள் பின்பக்க இடுக்கு வழியாக அடுத்த வீட்டுக்குப் போய், அந்த வீட்டில் இல்லாத பிள்ளையின் பெயரைச் சுமந்துகொண்டு உட்காருவார்கள். சோதனைக்கு வருகிறவர் ஒரு வீட்டை முடித்து, தண்ணீர் குடித்து, வியர்வை துடைத்து அடுத்த வீட்டுக்கு வருவதற்குள் அதே இடுக்கு வழியாக ஓடிவந்து சட்டையை மாற்றிக்கொண்டு சொந்தப் பெயரோடு உட்கார்ந்துவிடலாம், வருகிறவர்கள் தலையை எண்ணுவார்களே தவிர முகத்தைப் பார்ப்பதில்லை. யாருக்கும் இது தப்பென்றே தோன்றியதில்லை. அவசரத்துக்குத் தீப்பெட்டி கேட்பது போலத்தான் பிள்ளையையும் கேட்டார்கள்.

எங்களுக்கு அடுத்த வீடு பேச்சியத்தையுடையது. சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, மாட்டுங்காவில் நாலு குஜராத்தி வீடுகளில் பாத்திரம் தேய்த்து இந்தியை ஒரு கை பார்த்திருந்தவள். உம்மாவுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த தகரச் சுவர் பேருக்குத்தான். இந்தப் பக்கம் உம்மா தும்மினால் அந்தப் பக்கமிருந்து "யக்கா, சுக்குத் தட்டிப் போடட்டா?" என்று குரல் வரும். அவள் மகள் செல்விக்கு என் வயதுதான். பம்பாய்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் அடிக்கடி படுத்துக்கொண்டதால் ஊரில் மாமன் வீட்டில் விட்டிருந்தார்கள். உடம்பு தேறியதும் கூட்டிவருவதாக ஏற்பாடு. அதனால் அவள் பெயர் கார்டில் இருந்தே ஆக வேண்டும்.

அது ஒரு விடுமுறை நாள், பள்ளிக்கூடம் இல்லை. மதியச் சோற்றுக்கு உட்காரப்போன நேரத்தில் பேச்சியத்தை இடுக்கு வழியாகத் தலையை நீட்டினாள். "யக்கா, ஆமினாவ ஒரு பத்து நிமிசம் அனுப்புக்கா. எம் புள்ள பேரக் காப்பாத்திக் குடு."

உம்மா யோசிக்கவில்லை, என் தலையிலிருந்த முக்காட்டை அவளே எடுத்து மடித்து வைத்தாள். அத்தை எனக்கு இறுக்கமாக இரட்டைச் சடை போட்டு, நெற்றியில் ஒரு சாந்துப்பொட்டு வைத்தாள். அதை மட்டும் உம்மா கொஞ்சம் சங்கடத்தோடு பார்த்து, "வாப்பா வருதுக்குள்ள அழிச்சிரு" என்றாள். உன் பேரு என்ன, செல்வி. அப்பா பேரு, மாடசாமி. என்ன படிக்கே, அஞ்சாவது. மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். மூன்று முறையும் நாக்கு ஆமினா என்று சொல்லத்தான் துடித்தது.

வந்தவர் ஒல்லியாக, மூக்குக்கண்ணாடி போட்ட மராத்திக்காரர். அதட்டுகிற ஆளாக இருந்திருந்தால் நல்லதாகப் போயிருக்கும், ஆனால் அவர் அன்பானவர். அவர் கேட்டதற்கெல்லாம் பள்ளியில் படித்த இந்தியில் நான் தெளிவாகப் பதில் சொன்னதில் அவருக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. செல்வியின் பெயருக்கு நேரே ஒரு சரி போட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. நான் இடுக்குப் பக்கம் நகரப்போன நேரத்தில் அவர் என் தோளில் கை வைத்து, "அடுத்த வீட்டு அம்மாவுக்கு இந்தி தெரியாதாமே, நீ வந்து கொஞ்சம் சொல்லிக் கொடு மகளே" என்று இந்தியில் கேட்டபடி, என்னை முன்வாசல் வழியாக எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

உம்மா என்னை அவரோடு வாசலில் பார்த்தபோது அவள் முகம் போன போக்கை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. என் சாப்பாட்டுத் தட்டு தரையில் அப்படியே இருந்தது. அவர் கார்டைப் பிரித்து, ஆண், பெண், பையன் என்று விரலை நகர்த்தி, நாலாவது பெயரில் நிறுத்தி, ஆமினா எங்கே என்று கேட்கச் சொன்னார். என் உம்மாவிடம் நான் கேட்டேன். "ஆமினா எங்கன்னு கேக்காரு."

உம்மா என் தட்டை ஓரமாக நகர்த்திக்கொண்டே, "கடைக்குப் போயிருக்கா, இப்ப வந்துருவான்னு சொல்லு" என்றாள். சொன்னேன். காத்திருக்கிறேன் என்று அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். உம்மா அண்ணனுக்குக் கண்ணைக் காட்டினாள். அவன் ஆமினாவைத் தேடப்போவதாக வெளியே ஓடினான். உண்மையில் அவன் தேடப்போனது எந்த வீட்டிலாவது கடனுக்கு ஒரு பெண்பிள்ளை கிடைக்குமா என்று. ஆனால் அன்றைக்குச் சந்திலிருந்த பெண்பிள்ளைகள் எல்லாரையும் அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார், முகம் பார்த்துப் பேசுகிற அவரிடம் ஒருத்தியைக்கூட இரண்டாம் முறை காட்ட முடியாது. மூச்சு வாங்க அண்ணன் வெறுங்கையோடு வந்து, மறுபடி சந்து முனைக்கு ஓடினான். பேச்சியத்தை வாசலில் நின்று இந்தியில், "வந்துடும் சாஹேப், சின்னப் பிள்ளைதானே, எங்காவது விளையாடும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

கால் மணி நேரம் போயிருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என் பக்கம் குனிந்து, "நீ நல்ல பெண். பொய் சொல்ல மாட்டாய். இந்த வீட்டில் அப்படி ஒரு பெண் இருக்கிறாளா?" என்று மெதுவாகக் கேட்டார். நான்தான் என்று சொன்னால் செல்வியின் பெயர் போகும், அத்தையின் கார்டே போகும், எல்லாரையும் போலீஸ் கொண்டுபோகும் என்று என் மூளைக்குள் என்னென்னவோ ஓடியது. அத்தையைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று இப்போது சொல்லிக்கொண்டால் அது பொய். எனக்குப் பயம், அந்த இடத்திலிருந்து போனால் போதும் என்றிருந்தது. "காவ் கயீ ஹை" என்றேன். ஊருக்குப் போயிருக்கிறாள்.

அவர் சிவப்பு மையில் என் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் மராத்தியில், ஊருக்குப் போய்விட்டாள் என்று எழுதினார். அண்ணன் வெளியே இருந்ததால் அந்த நேரம் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அவர் போன பிறகு உம்மா என் முகத்தைச் சேலை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டே, "நீ என்னளா சொன்ன அவங்கிட்ட?" என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். "பின்ன பேச்சிதான் சொல்லியிருப்பா. வாசல்ல நின்னு இந்தியில என்னமோ பேசிட்டே இருந்தாள்ளா. தம் புள்ள பேரு நின்னாப் போதும்னு எம் புள்ளயத் தொலச்சிட்டா." நான் போய் என் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன்.

பெயரை மறுபடி ஏற்ற வாப்பா ரேஷன் ஆபீசுக்கு எத்தனை நாள் நடந்தாரோ, அத்தனை நாள் கூலியும் போனது. ஊருக்குப் போன பெண் திரும்பி வந்தால், ஊர்க் கார்டில் அவள் பெயரை நீக்கியதற்குத் தாலுகா ஆபீஸ் சீட்டு வேண்டும் என்றார்கள். ஊரிலோ, இங்கே இல்லாத பெயரை நாங்கள் எப்படி நீக்குவது என்று கேட்டார்கள். கடைசியில் ஊரிலிருந்த வாப்பாவின் தம்பி, என் சாச்சாவின் கார்டில் என்னை முதலில் ஏற்றி, அதே கையோடு நீக்கி, நான் ஒரு நாள்கூட வசிக்காத ஊரை விட்டு நான் கிளம்பிவிட்டதாக ஒரு சீட்டு வாங்க வேண்டியதாயிற்று. அது வந்து சேர இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் வாப்பா ஊர்ப்பேச்சை எடுத்தாலே என்னைத்தான் அங்கே விட்டுவரப் போகிறார்கள் என்று நடுங்குவேன். பள்ளியில் ஆஜர் எடுக்கும்போது என் பெயரை விட்டுவிடுவார்களோ என்று ஆசிரியரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது தகரச் சுவரின் அந்தப் பக்கத்து அமைதி. உம்மா பேச்சியத்தையோடு பேச்சை அடியோடு நிறுத்திவிட்டாள். அத்தை முதலில் இரண்டு மூன்று நாள் "யக்கா, யக்கா" என்று சுவரைத் தட்டிப் பார்த்தாள். பிறகு அவளும் விட்டுவிட்டாள். அன்றைக்கு என் பின்னால் நின்ற அவளுக்கு நான் சொன்னது ஒரு சொல் விடாமல் காதில் விழுந்திருக்கிறது, இந்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. குழாயடியில் என்னைத் தனியாகப் பார்த்தால், தன் குடத்தை நகர்த்திவிட்டு என் குடத்தை வைத்து, "புடிச்சிட்டுப் போளா, பள்ளிக்கு நேரமாவுது" என்பாள். அவள் என்னை ஒரு முறை திட்டியிருந்தால்கூட நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். செல்வி உடம்பு தேறி வந்து என் வகுப்பிலேயே சேர்ந்தாள். நாலைந்து வருடம் கழித்து மாடசாமி மாமாவுக்கு வேலை போய், அவர்கள் வீட்டைக் கைமாற்றிவிட்டு ஊருக்கே போய்விட்டார்கள். அத்தை இறந்த செய்தி அங்கிருந்துதான் வந்தது. உம்மா "ம்" என்றாள், ஜிப் பொருத்துவதை நிறுத்தவில்லை.

சென்ற மாதம் அண்ணன் கூப்பிட்டான். உம்மாவோடு அவன் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறான். சந்தை இடித்துக் கட்டப்போவதாகப் பேச்சு, வீடு வீடாகக் கணக்கெடுக்க வருகிறார்கள், பழைய காகிதமெல்லாம் வேண்டும், நீயும் வா என்றான். மூன்று ஜெராக்ஸோடு போனேன். வந்த பெண்ணுக்கு என் மகள் வயது. எல்லாரையும் படம் எடுத்தாள், ஒரு சிறு இயந்திரத்தில் கட்டை விரலை வைக்கச் சொன்னாள், அவ்வளவுதான். இனி யாரும் யாருக்கும் தலை கொடுக்க முடியாது. பழைய கார்டைப் புரட்டியவள் சிவப்புக் கோட்டைப் பார்த்து, இது யார் என்று கேட்டாள். உம்மாவுக்கு இப்போது இந்தி நன்றாக வரும். "இவதான். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி பொய் சொல்லி வெட்ட வச்சிட்டா" என்று இத்தனை வருடம் கழித்தும் அதே சூட்டோடு சொன்னாள்.

அந்தப் பெண் போகும்வரை பொறுத்திருந்தேன். கார்டை எடுத்து உம்மாவின் மடியில் வைத்தேன். "பேச்சியத்தை சொல்லலும்மா. நான்தான் சொன்னேன்" என்றேன்.

உம்மா கோபப்படவில்லை. சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தாள். பிறகு, "அவளுக்குத் தெரியுமாளா?" என்றாள்.

"தெரியும். பின்னாலதான் நின்னாங்க."

"பின்ன ஏன் எங்கிட்டச் சொல்லல?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாசல் தாண்டி, அடுத்த வீட்டு முன்னால் போய் நின்றாள். இப்போது அது தையல் காரகானா, பீகார்ப் பையன்கள் ஆறேழு பேர் குனிந்து ஜீன்ஸ் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மெஷினை நிறுத்தி நிமிர்ந்து, என்ன வேண்டும் என்பதுபோல், "கியா சாஹியே அம்மா?" என்று கேட்டான். உம்மா உள்ளே எங்கள் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். தகரம் போய்ச் செங்கல் வைத்திருந்தார்கள். "குச் நஹி பேட்டா", ஒன்றுமில்லை மகனே என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.