பசை காய்ந்த முகம்

மைதாப் பசையை முகத்தில் பூசினால் முதலில் சில்லென்று இருக்கும். பிறகு இரண்டு கன்னங்களையும் யாரோ மெல்லப் பிடித்துக் காதுப் பக்கம் இழுப்பதுபோல் தோல் இறுகத் தொடங்கும். முழுக்கக் காய்ந்தபின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தால் போதும், கோடையில் கரிசல் காடு வெடிப்பதுபோல் கன்னம் முழுக்கக் கோடு கோடாக வெடித்துவிடும். அந்த இறுக்கத்தை என் முகம் இன்னும் மறக்கவில்லை. ஆனால் நான் எழுத வந்தது என் முகத்தைப் பற்றி அல்ல. அந்தப் பசையை நான் பூசிவிட்ட இன்னொரு முகத்தைப் பற்றி.

தொண்ணூறுகளின் நடுவில், கோவில்பட்டியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பெண்கள் தீப்பெட்டி ஒட்டினார்கள். எங்கள் ஊரில் 'ஆபீஸ்' என்றால் அது தீப்பெட்டித் தொழிற்சாலைதான். அங்கிருந்து அட்டையும் தாளும் வீட்டுக்கு வரும். அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டப்பட்டுச் சாக்கில் திரும்பிப் போகும். பெரியம்மா வீட்டின் பின்புறத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய்விடுவேன். பெரியம்மா மகள் பூரணி அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு இரண்டு வருடங்களாக அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பத்து. ஒரே பசைச் சட்டியில் இருவரும் விரலை முக்குவோம்.

அக்காவின் சிரிப்பைச் சொல்ல வேண்டும். எங்கள் தெரு முனையில் ஓர் அடிகுழாய் இருந்தது. அதை அடிக்கத் தொடங்கியதும் தண்ணீர் வராது. முதலில் வெறும் காற்றுதான் 'ஹக், ஹக்' என்று வரும். நாலைந்து அடிக்குப் பிறகு அடியிலிருந்து ஒரு கீச்சொலி ஏறி வரும். அப்புறம் ஒரேயடியாகத் தண்ணீர் கொட்டும். அக்கா சிரிப்பதும் அப்படித்தான். முதலில் தோள்கள் மட்டும் சத்தமில்லாமல் குலுங்கும், அடுத்து ஒரு கீச்சு, அதன்பின் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அந்தச் சிரிப்பு வருகிற வரையில் நாங்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம்.

அப்போது எங்கள் தெருவில் 'ஸ்டேச்சு' விளையாட்டு வெறியாக இருந்தது. எதிரில் வருகிறவளைப் பார்த்து 'ஸ்டேச்சு' என்று சொல்லிவிட்டால், எந்த நிலையில் இருந்தாளோ அந்த நிலையில் சிலையாக வேண்டும். 'ரிலீஸ்' சொல்கிற வரைக்கும் அசையக்கூடாது. சொன்னவள், சிலையின் மேல் கை படாமல், என்ன கோமாளித்தனம் வேண்டுமானாலும் செய்யலாம். சிலை சிரித்துவிட்டால் 'அவுட்டு'. பையன்கள் சிரித்து அவுட்டானால் அவுட்டானதோடு சரி. நாங்கள் சிரித்து அவுட்டானால் ஆட்டத்தில் ஒரு தோல்வி, அந்த வழியாகக் குடத்தோடு போகிற அத்தையிடமோ சித்தியிடமோ இன்னொரு தோல்வி. "என்னட்டி இது, பல்லு பூராவும் தெரியுத மாதிரி? போற எடத்துல யாரு ஒன்னைய வச்சுக் காப்பாத்துவா" என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே போவாள்.

நான் தோற்றதே இல்லை. உள்கன்னத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, மனசுக்குள் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டு நிற்பேன். யார் எப்படி ஆடினாலும் என் முகம் அசையாது. குடத்தோடு போகிறவர்கள் என்னைக் காட்டி, "இந்த வயசுல என்னா அடக்கம் பாருங்க" என்பார்கள். இரண்டு ஆட்டங்களிலும் நான்தான் ஜெயித்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன். பூரணி அக்காவோ 'ஸ்டேச்சு' என்று சொல்லி முடிக்கும் முன்பே தோளைக் குலுக்கத் தொடங்கிவிடுவாள்.

அந்த வருடம் மாசியில் புதூர்ப் பக்கத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் நடுவீட்டில் உட்கார்ந்து, தங்கள் குடும்பத்தில் குரல் உயர்த்திப் பேசிய பேச்சே கிடையாது என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டு வெள்ளாடு ஒன்று உள்ளே நுழைந்து அவர் தோளில் கிடந்த துண்டின் நுனியைக் கடித்து இழுத்தது. பேச்சை நிறுத்தச் சொல்லி மனைவிதான் இழுக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இரு, பேசுதேம்லா" என்று துண்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். ஆடு மறுபடியும் இழுத்தது. "பேசுதேம்லா" என்றார் மறுபடியும்.

வீடே சிரித்தது. மாப்பிள்ளை சிரித்ததில் குடித்துக்கொண்டிருந்த காப்பி அவர் மூக்கில் ஏறிவிட்டது. காப்பித் தட்டோடு நிலைவாசலில் நின்ற அக்காவும் சிரித்தாள். தோள் குலுங்கியது, கீச்சு வந்தது, பிறகு எல்லாம் வந்தது.

மூன்றாம் நாள் தரகர் வந்து சொன்னார். "பொண்ணு லெச்சணமாத்தான் இருக்கு. சிரிப்பாணிதான் கொஞ்சம் கூடுதலோன்னு அவிய யோசிக்காவ."

அவர் போனபிறகு, பெட்டி ஒட்டிக்கொண்டே அக்கா கேட்டாள். "மாப்பிள்ளைக்கு மூக்கு வழியாக் காப்பி வந்துச்சே, அத யாரும் யோசிக்கலையாக்கும்?"

"ஆம்பளைக்கு வந்தா தொடச்சிட்டுப் போயிருவாவ. ஒனக்கு அப்பிடியாட்டி?" என்றாள் பெரியம்மா. கோபமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னாள். ஒரு பெண்ணைப் பார்த்து வேண்டாம் என்று சொன்ன சேதி அடுத்த ஊருக்கு அவளுக்கு முன்னால் போய்விடும் என்கிற பயம். அந்தப் பயத்தோடுதான் என் பக்கம் திரும்பினாள். "நீதான் சிரிக்கவே மாட்டியே. இவளுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடேன்."

எனக்கு வந்த பெருமையை என்னவென்று சொல்வது. ஒரு பெரியவளுக்குப் பாடம் எடுக்கும் பொறுப்பு. வாய்ப்பாடும் கன்னத்தைக் கடிப்பதும் அக்காவிடம் பலிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. பசை காய்ச்சியதும், பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்த விஷம் போடுவதற்கு முன்பே, ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். முதலில் என் முகத்தில் பூசிப் பார்த்தேன். பிறகு அதை அக்காவின் கன்னங்களிலும் வாயைச் சுற்றியும் பூசி, காயவிட்டு, அவள் எதிரில் நின்று கோமாளித்தனம் செய்வேன். சிரித்தால் வெடிப்பு காட்டிக்கொடுத்துவிடும். அதை யார் சொல்லியும் நான் செய்யவில்லை. பெரியம்மா 'சொல்லிக் குடு' என்றுதான் சொன்னாள். பசை நானாகக் கண்டுபிடித்தது.

முதல்நாள் பசை காய்வதற்குள்ளேயே சிரித்துவிட்டாள். "ஏட்டி டீச்சர், மூஞ்சி அரிக்குது, விட்டுரு" என்றாள். நான் விடவில்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "இரு, பேசுதேம்லா" என்று அந்த மாமாவைப்போலவே நடித்தேன். நாலைந்து நாட்கள் கன்னம் முழுக்க வெடித்தது. அப்புறம் உதட்டோரத்தில் மட்டும் வெடித்தது. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, நான் ஆடாகவும் மாமாவாகவும் மாறி மாறி நடித்து முடித்து மூச்சு வாங்க நின்றபோது, அவள் முகம் சுவர்போல் இருந்தது. நான் பெரியம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, "பாருங்க, ஒரு வெடிப்புகூட இல்ல" என்று காட்டினேன். கண்ணிலிருந்து கீழே ஒரே ஒரு ஈரக்கோடு மட்டும் இருந்தது. பங்குனி வெயில், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வியர்வையாகத்தான் இருக்கும். இன்றுவரை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

சித்திரை கடந்து கழுகுமலையிலிருந்து அடுத்த வரன் வந்தது. அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது நான் அடுப்படியில் நின்று அவள் காதில் 'ஸ்டேச்சு' என்றேன். போனாள், கொடுத்தாள், கும்பிட்டாள், உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் தங்கை ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அக்காவின் முகம் அசையவில்லை. மாப்பிள்ளையின் அம்மா அங்கேயே எல்லார் முன்னாலும் சொன்னாள், "இப்பிடி அடக்கமான பிள்ளையத்தான் நாங்களும் தேடிட்டு இருந்தோம்" என்று. வந்தவர்கள் போனதும் பெரியம்மா என் கையில் ஒரு பெரிய கடலை மிட்டாய்க் கட்டியை வைத்தாள். நான் அதைத் தின்றுகொண்டே தெருவுக்கு ஓடினேன். ஓடுவதற்கு முன்பு அக்காவிடம் 'ரிலீஸ்' சொன்னேனா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். சொன்னதாக நினைவில்லை.

கல்யாணத்தன்று போட்டோக்காரர், "பொண்ணு கொஞ்சம் சிரிங்க, லேசா, லேசா" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். இத்தனை நாள் பல் தெரியக்கூடாது என்று சொன்ன அதே அத்தைமார்கள், "என்னட்டி உம்முன்னு இருக்க, போட்டாவுக்குச் சிரிக்கக்கூடத் தெரியாதா" என்றார்கள். அக்கா முயற்சி செய்தாள். ஆல்பத்தில் இருக்கிறது அது: உதடுகள் இரண்டு பக்கமும் நீண்டிருக்கும், கண்கள் அதில் சேர்ந்திருக்காது.

அந்த வருடம் தலைதீபாவளிக்கு அவள் வந்தபோது, கூடவே ஒரு புகாரும் வந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் சிரித்த முகமாக இரண்டு வார்த்தை பேசத் தெரியவில்லையாம். அடக்கமான பிள்ளையைத் தேடிய அதே மாமியார்தான் சொல்லியிருந்தாள். பெரியம்மா அதை அம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டுக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். உடனே கொட்டகைக்குப் போய், பட்டுச்சேலையோடு சும்மா உட்கார்ந்திருந்த அக்காவின் எதிரில் நின்று 'ஸ்டேச்சு' என்றேன். சிரிக்க வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆடானேன், மாமாவானேன், போட்டோக்காரரானேன். கடைசியில் என் நடிப்புக்கு நானே சிரித்துவிட்டேன்.

அக்கா என் தலையில் கை வைத்துச் சொன்னாள், "போதும்ட்டி. நாந்தான் ஜெயிச்சிட்டேம்லா."

அவள் வாழ்க்கை கெட்டுப்போய்விடவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகும். அத்தான் நல்ல மனிதர். இரண்டு மகன்கள், சொந்தமாக ஒரு பலசரக்குக் கடை. பசை பூசியதால்தான் அவள் சிரிப்பு போனது என்று சொன்னால் என் கணவர் நம்பமாட்டார். எனக்கும் அது முழுதாக நம்பும்படி இல்லை. ஒரு பத்து வயதுப் பிள்ளையின் விளையாட்டுக்கு அவ்வளவு பலம் இருக்குமா? வயது, வீடு, வேலை எல்லாம் சேர்ந்துதான் யாருடைய சிரிப்பையும் குறைக்கின்றன. ஆனாலும் எல்லாரும் வாயால் சொன்னதை, நான் ஒருத்திதான் கையால் செய்தேன்.

இப்போது எனக்கு ஆறு வயதில் ஒரு மகள். அவள் சிரிப்பு யாரைப்போல என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. முதலில் தோள்தான் குலுங்கும். போன மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு அக்காவைப் பார்க்கக் கழுகுமலைக்குப் போனேன். பஸ்ஸில் கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே தும்மிவிட்டார். விசில் அலறியது; டிரைவர் நடுக்காட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டார். என் மகள் சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்ததா, அவரும் சிரிக்கத்தான் திரும்பினாரா என்று நான் கவனிக்கவில்லை. அதற்குள் என் கை அவள் வாயைப் பொத்தியிருந்தது. உள்ளங்கைக்குள் அவள் சிரிப்பு சூடாக முட்டி நின்றது.

கோவில்பட்டியில் அந்தக் கொட்டகை இப்போது பைக் நிறுத்தும் இடம். பெட்டி ஒட்டுவது இயந்திரத்துக்குப் போய்விட்டது. தெருமுனை அடிகுழாயின் கைப்பிடி எப்போதோ கழன்று, அடிக்கட்டை மட்டும் சிமெண்டுக்குள் நிற்கிறது. பிள்ளைகள் யாரும் 'ஸ்டேச்சு' சொல்லிக் கேட்டே வருடங்கள் ஆகின்றன. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னென்ன இல்லாமல் போயிற்று என்று எண்ணிக்கொண்டு போன என்னிடம், இன்னும் அழியாமல் இருந்தது பசை பூசிய அந்தக் கை மட்டும்தான்.

அக்கா வீட்டில் என் மகள் கண்டக்டர் கதையைத் தும்மலோடும் விசிலோடும் நடித்துக் காட்டினாள். நடித்து முடித்துத் தானே சிரித்தாள். என் கை மறுபடியும் எழுந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"கைய எடுட்டி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அவள் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. முந்தானையால் வாயை மூடியிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் காத்திருந்தேன், சின்ன வயதில் காத்திருந்ததைப்போலவே. கீச்சு வரவில்லை. சத்தமே இல்லாமல் குலுங்கி, சத்தமே இல்லாமல் அடங்கிவிட்டது.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மகளை அருகில் இழுத்தாள். "எங்க, பெரியம்மாவுக்கு இன்னொருக்கா சிரி. சத்தமாச் சிரி, கேப்போம்."

என் மகள் உடனே சிரிக்கவில்லை. திரும்பி, முதலில் என் முகத்தைப் பார்த்தாள்.