பாதத்தில் யாருடைய நாடி

பொங்கல் விடுமுறைக்கு விடுதியே காலியாகியிருந்தது. எலும்பு முறிவுப் பிரிவில் பயிற்சி மருத்துவரான நான், விடுமுறை நாள் டியூட்டியை வலியக் கேட்டு வாங்கியிருந்தேன். படித்ததையெல்லாம் உடனே கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்கிற அவசரம். மெஸ்ஸை மூடிவிடுவார்கள், பேச ஆள் இருக்காது என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை.

காலையில் கப்பலூரிலிருந்து ஒரு சுமைதூக்குபவரைக் கொண்டுவந்தார்கள். லாரியிலிருந்து இரும்புத் தகடு சரிந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியிருந்தது. இறக்கிவிட்டவர்கள் "இந்தா வாரோம்ணே" என்று போனார்கள், வரவேயில்லை.

அந்தப் பாதம் வெளுத்துச் சில்லிட்டிருந்தது. வலிக்கு ஊசி போட்டுக் காலை நேராக இழுத்து வைத்தோம். மேற்படிப்பு படிக்கும் சீனியர் பாதத்தின் மேல் விரல் வைத்தார்.

"நாடி இருக்குடா மாப்ள. மாவுக்கட்டு போட்டு வார்டுக்கு அனுப்பு."

நானும் வைத்தேன். இருந்தது. ஆனால் பாதம் ஏன் இன்னும் சில்லென்றிருக்கிறது? மறு கையால் அடிபட்டவரின் மணிக்கட்டைப் பிடித்தேன். மணிக்கட்டில் ஒரு கதி, பாதத்தில் வேறு கதி. ஒரே இதயம் எப்படி இரண்டு விதமாக அடிக்கும்? என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்; பாதத்தில் இருந்த அதே கதி. பாதத்தில் நான் உணர்ந்தது என் விரல்நுனித் துடிப்பு.

"அண்ணே, இது நம்ம நாடி. அவருதில்ல."

"காலேல சாப்ட்டியா நீயி? இம்புட்டு நாளா நான் பார்த்ததெல்லாம் என் நாடியா?"

படுத்திருந்தவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "சார், காலை எடுத்துருவீகளா?"

முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் கிழிந்திருந்தால், சில மணி நேரத்துக்குள் பாதத்துக்கு மறுபடி ரத்தம் போயாக வேண்டும். இல்லையென்றால் காலை எடுக்கத்தான் வேண்டும். வீட்டிலிருந்த தலைமை மருத்துவருக்கு போன் போட்டேன். அவர் வரும்வரை சீனியர் என் பக்கமே திரும்பவில்லை. தப்பாக இருந்தால் என்ன செய்வேன் என்று யாரிடம் கேட்பது?

தலைமை மருத்துவர் இரண்டு பாதங்களையும் தொட்டுப் பார்த்தார். "ஆபரேஷன் தியேட்டர திறக்கச் சொல்லு."

காலுக்கு வெளியே கம்பி மாட்டி எலும்பை நிறுத்தினார்கள். நல்ல காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து, ரத்தக்குழாய் கிழிந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். வீக்கம் தசையை நெரிக்காமலிருக்க, கெண்டைக்காலை நீளக் கீறித் திறந்தே விட்டார்கள்.

மறுநாள் பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. மணிக்கட்டும் பாதமும் ஒரே கதியில் துடித்தன.

"விரலெல்லாம் நெருப்பாட்டம் எரியுது சார்."

சிரித்துவிட்டேன். எரிகிறதென்றால் விரல்களுக்கு உயிர் திரும்பிவிட்டது.

"நோகுதுங்குறேன், சிரிக்கிறீக?"

"நோகணும்ணே. நல்லா நோகட்டும்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த வார்டில் சந்தோஷப்பட்டவன் நான் ஒருவன்தான்.