பூதத்துக்கு வைத்த முகம்

இரண்டாம் உலகப் போர் நாட்களில் நியூயார்க்கின் சித்திரக்கதைப் பட்டறைகளில் ஆளுக்கொரு வேலை. ஒருவர் பென்சிலில் உருவம் போடுவார். அவசரத்தில் முகத்துக்கு வெறும் முட்டை வட்டம்தான் இருக்கும். கண், மூக்கு, கோபம் எல்லாம் மை போடுகிறவர் பாடு. கார்மேலா மை போடுகிறவள். ஆண்கள் பட்டாளத்துக்குப் போனதால் கிடைத்த நாற்காலி அது.

அவளிடம் வந்து சேர்ந்தது ஒரு பூதம். நூறு வருஷப் பழைய நாவலில் பிணத்துண்டுகளைத் தைத்து உண்டாக்கினார்களே, அதே பூதம்தான். சித்திரக்கதையில் அது இப்போது நாஜிகளைத் தூக்கிப்போட்டு மிதித்துக்கொண்டிருந்தது.

போருக்குக் கப்பலேறப் போன தம்பி நுன்சியோ சும்மா போனானா?

"அக்கா, அந்தத் தடியனுக்கு என் மூஞ்சிய வச்சுடு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள நாலு பேர சாத்தட்டும்."

அவளும் வைத்தாள். அவனுடைய நீண்ட தாடை, ஏறிய புருவம், எல்லாம் அப்படியே. தாடைக்குக் குறுக்கே பெரிய பெரிய தையல்.

அடுத்த ஆண்டு தந்தி வந்தது. இத்தாலியில், அவர்கள் தாத்தா பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே, குண்டுச் சிதறல் நுன்சியோவின் பாதித் தாடையைக் கொண்டுபோய்விட்டது.

"உசிரோட இருக்கிறவன் மூஞ்சிய பொணத்துக்கு வைப்பாளாடி ஒருத்தி? உன் கை வெளங்குமா?" என்று அம்மா சிலுவை போட்டுக்கொண்டே அழுதாள்.

சிலருக்குக் கரிநாக்கு என்பார்கள். தன்னுடையது கரிக்கை என்றே பாவி மகள் கார்மேலா நம்பிவிட்டாள். மறுநாளே பூதத்தின் முகத்தை மாற்றினாள். சதுர மண்டை, சப்பை மூக்கு.

இதழாசிரியர் ஷுல்மன் தாளைத் தூக்கிப் பார்த்தார். "என்னம்மா, ஆளே மாறிட்டான்?"

"இதுதான் சார் பயமா இருக்கு."

"என்னமோ பண்ணு, பக்கம் நேரத்துக்கு வந்தா சரி."

பழைய இதழ்கள் மட்டும் தம்பி கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று தினமும் வேண்டிக்கொண்டாள்.

அவனை ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததும் சூப்போடு போனாள். முகம் சிதைந்தவர்களுக்கென்றே தனிக் கூடம். அவன் கட்டிலுக்கு மேலே சுவரெல்லாம் பழைய இதழ்களிலிருந்து வெட்டி ஒட்டிய பூதம்.

"நீங்கதான் அந்த அக்காவா?" பக்கத்துக் கட்டில்காரன் எழுந்து உட்கார்ந்தான். "உங்க தம்பி இங்க பெரிய ஆளுங்க! நர்சுங்களே கையெழுத்து கேக்குறாங்க."

நுன்சியோ சிரிக்கவில்லை. மடியில் புது இதழ் விரிந்திருந்தது. பல்லைக் கம்பியால் கட்டியிருந்ததால் பேச்சு மெல்ல வந்தது.

"இவன் யாருக்கா?"

"அது... புதுசா..."

"இங்க கண்ணாடி தர மாட்டாங்க. உன் படத்தப் பாத்துதான் மனச தேத்திக்கிட்டிருந்தேன். தையல் போட்ட மூஞ்சியோட அவன் நாலு பேர் நடுவுல நடந்தான்ல."

"நாளைக்கே மாத்திடறேன்டா."

"பாக்கச் சகிக்கலன்னுதானே மாத்துன?"

இல்லை என்று சொல்ல நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். தாடைத் தையலில் பட்ட அவள் பார்வை, அவளைக் கேட்காமலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. அவன் அதைக் கவனித்துவிட்டான்.

"பரவால்லக்கா," என்றான். "சூப்பக் குடு. ஆறிடும்."