ஜெயித்தால் ஓட்டியவன்

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் தம்பியும் நானும் செல்போனில் கார் பந்தயம் பார்ப்போம். சாம்பியன் ஜெயிப்பது காராலா, தன் திறமையாலா என்று ஒவ்வொரு முறையும் சண்டை வரும். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான், பெரம்பலூரில் இன்ஜினியரிங். முக்கால்வாசி கார்தான் என்று அடித்துச் சொல்வேன்.

"இன்ஜினியரம்மாவுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது" என்பான் தம்பி.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய அப்பா அவன் பக்கம். "ஓட்டுறவன்தான் பாப்பா எல்லாம்."

போன மாசியில் கீழப்பழுவூர் வளைவில் அப்பாவின் லாரி பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்தது. கூட இருந்த கிளீனர் இறந்துவிட்டார். டிரைவர் மேல்தான் தப்பு என்றார் லாரி முதலாளி. அப்பாவும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்.

பிறகு ஒரு பந்தயத்தில் சாம்பியனின் கார் சுவரில் மோதி நின்றது. தம்பி அப்பாவைப் பார்த்துக்கொண்டே, "அக்கா சொன்னதுதாம்ப்பா சரி. வண்டி சரியில்லன்னா எவனா இருந்தாலும் என்ன பண்ணுவான்?" என்றான். அவன் எனக்கு விட்டுக்கொடுத்தது அன்றுதான்.

"ஆமாப்பா, பிரேக் போனா யாராலயும் முடியாது" என்றேன் நான்.

"ஜெயிச்சா ஓட்டுனவன், கவுந்தா வண்டியா?" என்றார் அப்பா. "போங்க, போயி வேலையப் பாருங்க."

அப்பாவுக்காக அன்று மட்டும் நான் ஜெயித்தே ஆகவேண்டியிருந்தது.