பதினேழாம் நம்பர்த் தூணுக்குக் கீழை

எங்கடை தொழிலிலை பிழை விட்டால் உடனை ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டினம். அது பாட்டுக்குக் கடலுக்கு அடியிலை பேசாமல் படுத்திருக்கும். கடலுக்கை காற்றாலைத் தூண் நட முந்தி, தரைக்குக் கீழை என்ன புதைஞ்சு கிடக்குதெண்டு கண்டு சொல்லுறதுதான் என்ரை வேலை. கப்பல் ஒண்டு நேர் நேர் கோடாய் ஓடிச் சத்தத்தை அடிக்கு அனுப்பும். திரும்பி வாற எதிரொலி படமாய் வரும். அதை நான் ரொறன்ரோவிலை பதினோராம் மாடியிலை இருந்து பாப்பன். உண்மையான கடலைக் கண்டு கனகாலம். நாள் முழுக்க ஸ்கிரீனைப் பாத்துக் கண் பூத்துப்போன சனங்களே, நீங்களும் என்ரை கட்சிதான், கேளுங்கோ.

அஜின்கோர்ட்டிலை ஒரு கல்லு

ரொறன்ரோவிலை நான் இருக்கிற பக்கம் அஜின்கோர்ட். அங்கை பக்கத்து வீட்டுச் செல்வம் அங்கிள் பேஸ்மென்ற்றுக்குத் தனி வாசல் வைக்கக் கிடங்கு வெட்டினார். இரண்டாம் நாளே மெஷின் நிண்டிட்டுது. சாப்பாட்டு மேசையளவு பாறை ஒண்டு குறுக்கை கிடந்தது. ஆர் உதைக் கொண்டுவந்து உதுக்கை தாட்டதெண்டு என்னைக் கேட்டார், ஏதோ நான் தாட்ட மாதிரி.

முந்தி இந்த இடம் முழுக்க மலை உயரத்துக்கு ஐஸ் கிடந்தது அங்கிள், அதுதான் வடக்கிலையிருந்து இழுத்துக்கொண்டு வந்து போட்டிட்டுக் கரைஞ்சு போச்சுது எண்டன். நோவா ஸ்கோஷியாக் கடலுக்கு அடியிலை அது பள்ளத்தாக்கையே வெட்டித் தாட்டிருக்குது எண்டும் சொன்னன். மனுசன் கல்லையும் என்னையும் மாறி மாறிப் பாத்தார். “ஐஸ் கொண்டுவந்ததெண்டால் ஐஸே வந்து தூக்கிக்கொண்டு போகட்டும் பிள்ளை, என்ரை கொன்ட்ராக்டருக்கு ஏலாதாம்.”

என்ரை பச்சைக் கோடு

நான் சொன்ன அந்தக் கடலிலை ஒரு காற்றாலைத் திட்டம் எங்கடை கைக்கு வந்தது. ஐஸுக்குக் கீழை ஓடின தண்ணி வெட்டின பள்ளத்தாக்கு ஒண்டு அங்கை கிடந்தது. பேந்து அதுக்கை சேறு நிரம்பி, மேலை மணல் மூடி, கடல் தரை மட்டமாய்ப் போச்சுது. மேலை பாத்தால் ஒண்டும் தெரியாது, ஆனால் தூண் அதிலை நிக்காது. கப்பல் ஓடின கோடுகளிலை பள்ளத்தைத் தேடித் தேடித் தொடுத்து, வரைபடத்திலை பச்சையாலை கீறினன். கிழக்கை போகப் போகப் பள்ளத்தின்ரை அடி மேலை எழும்பிக்கொண்டு வந்தது. சரி, இதோடை முடிஞ்சுதெண்டு பச்சையை நிப்பாட்டினன். அங்காலை உறுதியான தரையெண்டு எழுதிக் கையெழுத்தும் வச்சன்.

தூண்களுக்கு இடம் குறிக்கிறவன் காற்றாலைக் கொம்பனியிலை வேலை செய்யிற கவின். இஞ்சை ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டிலை பிறந்து வளந்த பெடியன், நல்ல கெட்டிக்காரன். பதினேழாம் நம்பர்த் தூணை என்ரை உறுதியான தரையிலை கொண்டுவந்து வச்சான். முதலிலை துளை போட்டு மண் எடுத்துப் பாக்கிற இடங்கள் எண்டு ஒரு பட்டியல் இருக்கும், அதிலையிருந்தும் பதினேழை வெட்டினான். நான் கண்ணை மூடிக்கொண்டு நடு எண்டன். அதுக்குக் கவின் சொன்னான்: “நீங்கள் ஷுவர் எண்டால் அதிலை ட்ரில் பண்ணத் தேவையில்லை அக்கா, சிம்பிள்.”

தண்ணி மேட்டிலை ஏறும்

என்ரை பக்கத்துக் கதிரை அன்ரன் அண்ணை, மன்னார் ஆள். எதிரொலியிலை இருக்கிற இரைச்சலைக் கழிச்சுப் படத்தைத் துப்பரவாக்கிறது அவரின்ரை வேலை. இரண்டு மாசம் கழிச்சுப் பதினேழு வாற இடத்தாலை கப்பல் ஓடின கோட்டைத் திரும்பவும் துப்பரவாக்கி என்ரை ஸ்கிரீனிலை விரிச்சார். நான் இரைச்சலெண்டு தள்ளிவிட்ட இடத்திலை பள்ளம் பளிச்செண்டு தெரிஞ்சுது. மேட்டிலை ஏறி, அங்காலை இறங்கி, முந்தினதை விட ஆழமாய், நேரை பதினேழுக்குக் கீழை!

ஆறெண்டால் பள்ளத்துக்குத்தான் ஓடும். ஐஸ் அமத்துற தண்ணி மேட்டிலையும் ஏறும். இது முதல் வருஷமே படிச்ச விஷயம். விசரி, ஆத்தை நினைச்சுக் கீறியிருக்கிறன். வெக்கமாயும் பயமாயும் கிடந்தது. அன்ரன் அண்ணை ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்: “உம்மடை பள்ளம் முடியேல்லை சுகந்தி, மூச்செடுக்க மேலை வந்திட்டுப் பேந்து கீழை தாண்டிருக்குது.”

போன் எடுத்த கதை

துளை போடுற கப்பல் ஹலிஃபக்ஸிலையிருந்து இரண்டு நாளிலை வெளிக்கிடுது. எங்கடை மனேஜர், பதறாதை, அடுத்த அறிக்கையிலை மெல்லமாய்ச் சேப்பம் எண்டார். அடுத்த அறிக்கைக்கு முதல் கப்பல் திரும்பியிடும். பேந்து பதினேழைத் துளைக்க ஆர் போறது? சேத்திலை தூண் இறங்கினால் கீழை கிடக்கிறது என்ரை கையெழுத்து. மனேஜரின்ரை முகத்துக்கு முன்னாலையே கவினுக்குப் போன் எடுத்தன்.

பிழை விட்டிட்டன் தம்பி, எப்பிடியெண்டாலும் பதினேழைத் துளையுங்கோ எண்டன். கவின் ஏசேல்லை. ஏசியிருந்தால் கூடத் தாங்கியிருப்பன். “உங்கடை சிக்னேச்சரை நம்பித்தான் அக்கா என்ரை பொஸ்ஸுக்கு முன்னாலை நான் அவ்வளவு கொன்ஃபிடன்ற்றாய்க் கதைச்சனான்.”

கப்பல் சொன்ன முடிவு

கப்பல் போய்ப் பதினேழையும் துளைச்சுது. அந்தக் கிழமை முழுக்க முடிவு வந்துதோ எண்டு மெயிலைத் திறந்து திறந்து பாத்தன். இப்ப உறுதியான தரை வந்தாலும் எனக்கு அடிதான், இரண்டாந்தரமும் பிழையெண்டால் பேந்து ஆர் என்னை நம்புவினம்? முடிவு வந்தது: மேல் மணலுக்குக் கீழை, துளையின்ரை அடிவரைக்கும் சேறு. சந்தோசத்திலை கதிரையைவிட்டு எழும்பிட்டன். என்ரை பிழையை நானே நிரூபிச்சுப்போட்டுத் துள்ளின ஒரே ஆள் நானாய்த்தான் இருக்கும்.

பின்னேரம் கவின் எடுத்தான். பதினேழைத் தள்ளி வச்சதாலை சுத்தியிருந்த தூண்களின்ரை இடத்தையும் மாத்தவேண்டி வந்ததாம், இரண்டு கிழமை வேலை. பொஸ்ஸிட்டை நல்லாய் வாங்கிக் கட்டினானாம். நான் மன்னிப்புக் கேக்க வாய் திறக்க முன்னமே சொன்னான்: “உங்களுக்குத் தெரிஞ்சதை மட்டும் கீறித் தராதையுங்கோ அக்கா, எங்கையெங்கை உங்களுக்கு டவுட் எண்டதையும் கீறித் தாங்கோ.”

அண்டையிலையிருந்து என்ரை வரைபடத்திலை சந்தேகத்துக்குக் கீறுற புள்ளிக்கோடுதான் கூட, ஆனால் ஒரு புள்ளிக்கோட்டை என்னை மாதிரி உறுதியாய்க் கீற ரொறன்ரோவிலை வேறை ஆள் இல்லையெண்டது மட்டும் நிச்சயம்.