ஒரு போல்ட்டுக்கு மூன்று வாஷர்

போன மார்ச் மாதம், ஆவடி சேக்காட்டில் எங்கள் வீட்டில் நடந்தது. ஞாயிறு மதியம். நான் இருந்தேன். என் வீட்டுக்காரர் இருந்தார். மகளோடு பிளஸ் ஒன் படித்த தோழி வந்திருந்தாள். அவளுடைய அம்மாவும் கூட வந்திருந்தார். மகள் இல்லை.

ஜனவரியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். திரும்பக் கூட்டி வரவில்லை.

மறுநாள் வேதியியல் பரீட்சை. தோழிக்கு அந்தப் பாடம் என்றால் நடுக்கம். என் மகள்தான் சொல்லிக்கொடுப்பாள்.

“யக்கா, நீயாவது சொல்லுக்கா. காலைல பரீட்சைய வெச்சிக்கினு, போமாட்டேன்னு குந்திகினு கீது. இத்த வுட்டா இதுக்கு ஒரு வருசம் போச்சு” என்றார் அவள் அம்மா.

நான் ஐந்தாவதோடு நின்றவள். அம்பத்தூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து பாக்கெட் போடுகிறேன். ஒரு கவரில் ஒரு போல்ட், மூன்று வாஷர். மகள் போனதிலிருந்து கம்பெனி மூட்டையைப் பிரிக்கவில்லை. மூலையில் கிடந்தது.

அந்தப் பெண் அதையே பார்த்தாள். “பிரிக்கட்டுமா ஆன்ட்டி?” என்றாள். தலையாட்டினேன்.

ஐந்து போல்ட் எடுத்து வைத்தாள். ஒன்பது வாஷர் வைத்தாள்.

“எத்தினி பாக்கெட் ஆன்ட்டி?”

“மூணு.”

“போல்ட்டு அஞ்சு கீதே?”

“வாஷர் தீந்துடுச்சேம்மா.”

“இதான் ஆன்ட்டி மோல் கணக்கு. எது மொதல்ல தீருதோ, அத வெச்சிதான் சரக்கு எவ்ளோ வரும்னு பாக்கணும். அவ இப்டிதான் சொல்லிக் குடுத்தா. நான் போல்ட்ட எண்ணிட்டு அஞ்சும்பேன். ‘மிச்ச ரெண்டையும் கம்மலா மாட்டிக்கினு போடி தத்தி’ன்னு திட்டுவா.”

அவள் அம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனார். அந்தப் பெண் அழத் தொடங்கினாள்.

போல்ட்டையும் வாஷரையும் வைத்து மகள் பாடம் சொல்லிக்கொடுத்தது எனக்குத் தெரியாது. படிக்கிற பிள்ளையை இந்த வேலையில் உட்கார வைக்கிறோமே என்றுதான் அப்போதெல்லாம் உறுத்தும்.

“அவளால எழுத முடியாது. நீ போய் எழுது” என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டாள்.

மறுநாள் பரீட்சை முடித்து, யூனிபார்மோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“வந்துச்சு ஆன்ட்டி, அதே மாதிரி கணக்கு. ஒரு நைட்ரஜனுக்கு மூணு ஹைட்ரஜன் சேரணும். குடுத்தது நைட்ரஜன் ரெண்டு மோல், ஹைட்ரஜன் மூணு மோல். அம்மோனியா எத்தினி கிராம் கெடைக்கும்னு கேட்டிருந்தாங்க. ஹைட்ரஜன்தான் மொதல்ல தீருது” என்றாள். தான் எழுதிய விடையையும் சொன்னாள்.

எந்தப் பரீட்சை முடிந்தாலும் இரண்டு பேரும் வாசலில் நின்று விடையை ஒத்துப் பார்ப்பார்கள். அன்று சரியா தப்பா என்று சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இல்லை. எனக்கு மோல் என்றால் என்னவென்று இன்றும் முழுதாகத் தெரியாது. ஆனாலும் மகளிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள் என்று அந்த விடையை மறக்காமல் வைத்திருக்கிறேன்.

முப்பத்து நான்கு கிராம்.